0.45 மைக்ரான் சவ்வு வடிதாள்: ஓடைப் பூச்சி வளர வளர என்ன தின்கிறது என்று காட்டுமா?

ஓடைப் பூச்சிகளின் தீனியைப் பார்க்க எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் பூச்சியின் முன்குடலில் இருப்பதைக் கண்ணால் கண்டு அளக்க இன்றும் கைகொடுப்பது வெள்ளை நிறத்தில், காசு அளவு வட்டமாக வரும் சவ்வு வடிதாள்தான். குடலில் இருந்ததைத் தண்ணீரில் கலக்கி இதன் வழியே வடித்து, காயவைத்து, எண்ணெய் விட்டால் சவ்வு கண்ணாடிபோல் தெளிந்துவிடும். தீனித் துகள்கள் மட்டும் மிஞ்சும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட பருவமே வளர்நிலை. நடு வளர்நிலையிலிருந்து கடைசி வளர்நிலை வரை இதற்கு ஈடு இல்லை. முதல் இரண்டு நிலைகளுக்கு 25 மி.மீ. வட்டம் வீண், 13 மி.மீ. வட்டம் எடுத்து, பல பூச்சிகளைச் சேர்த்தால்தான் பலன் உண்டு. உறிஞ்சிக் குடிக்கும் பூச்சிகளுக்கு எந்த அளவிலும் வேலை செய்யாது. பூச்சி எதை விழுங்கியது என்று இது காட்டும். எது உடம்பில் ஒட்டியது என்று காட்டாது. பிந்தையதற்குக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கும் கீழே இருக்கிறது.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒரே இனப் பூச்சி குஞ்சாக இருக்கும்போது ஒன்றைத் தின்று, முற்றியபின் வேறொன்றைத் தின்கிறது. கேடிஸ், மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை மூன்றும் இளமையை நீரில் கழித்து, முற்றியபின் சிறகோடு வெளிவரும் பூச்சி வகைகள். வலை பின்னும் ஹைட்ரோசைக்கி கேடிஸ் புழுவுக்கு ஐந்து வளர்நிலைகள். முதல் நிலைப் புழுவின் குடலில் பெரும்பாலும் உருவற்ற மட்குத் துகளும் (அழுகிச் சிதைந்த இலை முதலியவற்றின் துணுக்கு) டயட்டம் எனும் ஓடுள்ள நுண்பாசியும்தான் இருக்கும். நிலைக்கு நிலை வலைக்கண் பெரிதாகிறது, நீரோட்டம் வேகமான இடத்துக்குப் புழு நகர்கிறது, தாடை வலுக்கிறது. ஐந்தாம் நிலைக் குடலில் கைரோனோமிட் எனும் சிற்றீயின் புழுவினுடைய தலைக்கூடும் மேஃப்ளை இளம்பூச்சியின் கால் நகமும் கிடக்கின்றன. பெர்லிடே குடும்ப ஸ்டோன்ஃப்ளைகளில் இந்த மாற்றம் இன்னும் அழுத்தமானது. சிறுவயதில் மட்கும் பாசியும் கணிசமாக இருக்கும்; வளர்ந்தபின் அது முழு வேட்டைக்காரன். மேஃப்ளைகளிலேகூட டிருனெல்லா பேரினத்தைச் சேர்ந்த சில, முற்றும்போது பாசியோடு பிற பூச்சிகளையும் தின்னத் தொடங்குகின்றன.

1970-களில் ஓடைச் சூழலியலாளர் கென்னத் கம்மின்ஸ் வகுத்த 'கிழிப்பவை, சேகரிப்பவை, சுரண்டுபவை, வேட்டையாடுபவை' என்ற பிரிவினை ஓடைச் சூழலியலுக்குப் பெரிய வரம். ஆனால் ஒரு பேரினத்துக்கு ஒரே முத்திரை குத்தி, எல்லா வளர்நிலைகளையும் அதில் அடைத்தால் கணக்கு தவறிவிடும். சவ்வு வடிதாளின் உண்மையான பயன், அந்த முத்திரை எந்த நிலையில் பொருந்துகிறது, எந்த நிலையில் பொருந்தவில்லை என்று காட்டுவதில்தான் இருக்கிறது.

எந்தச் சவ்வு?

கலப்பு செல்லுலோஸ் எஸ்டர் அல்லது செல்லுலோஸ் நைட்ரேட் சவ்வு மட்டுமே வாங்குங்கள். இவற்றின் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டியது. நுண்ணோக்கிக்கென்று விற்கும் இம்மர்ஷன் ஆயிலின் எண் 1.515. இரண்டும் நெருங்கியிருப்பதால்தான் எண்ணெய் ஏறியதும் சவ்வு மறைகிறது. பாலிகார்பனேட் எவ்வளவு மென்மையாக, அழகாக இருந்தாலும் இதே எண்ணெயில் தெளியாது. கண்ணாடி இழை வடிதாளில் துகள்கள் இழைக்குள் புதைந்துவிடும். ஒரே தளத்தில் குவியம் கிடைக்காது. நைலான், டெஃப்ளான் இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது.

துளை அளவு 0.45 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதற்குக் காரணம் உண்டு. கரைந்த பொருள் எது, துகள் எது என்று நீரியலில் கோடு கிழிக்கும் அளவும் அதுதான். நுண் மட்கு என்பது 0.45 மைக்ரானிலிருந்து 1 மி.மீ. வரை, அதற்கு மேல் பருமட்கு. ஆகவே துகள் என்று பெயர் பெற்ற அத்தனையும் இந்தச் சவ்வின்மேல் தங்கும். 0.22 மைக்ரான் வாங்கினால் கூடுதலாக எதுவும் கிடைக்காது, வடிகட்டும் நேரம்தான் நீளும். 5 மைக்ரான் வாங்கினால் சிறு டயட்டங்களில் ஒரு பகுதி வழுக்கிப் போய்விடும். குஞ்சு நிலைகளில் அதுவே தீனியில் பெரும்பங்கு.

கட்டம் அச்சிட்ட சவ்வு பாக்டீரியாக் காலனி எண்ணுகிறவர்களுக்கு. தீனிப் பரப்பை இமேஜ்ஜே போன்ற மென்பொருளில் அளக்கும்போது அந்தக் கோடுகளும் துகளாகப் பதிவாகும். கோடு இல்லாத வெள்ளையே சரி. பெட்டியில் ஒவ்வொரு சவ்வுக்கும் இடையே வண்ணத் தாள் ஒன்று இருக்கும். அது பிரிப்புத் தாள். புதிதாக வருகிறவர்கள் அதையே பொருத்தி வடிகட்டுவது அடிக்கடி நடக்கிறது. வெள்ளைதான் சவ்வு. நுனி தட்டையான இடுக்கியால் விளிம்பை மட்டும் பிடியுங்கள். கூரிய இடுக்கி துளைத்துவிடும். விரல்பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். அசிட்டோன் இந்தச் சவ்வைக் கரைத்துவிடும். அடர்ந்த எத்தனாலும் இதை இளக்கும். மாதிரி எத்தனாலில் இருந்து வந்தால், முன்குடலைத் தண்ணீருக்கு மாற்றிய பிறகே வடிகட்டுங்கள். செல்லுலோஸ் நைட்ரேட் எளிதில் தீப்பற்றும். ஆய்வக உலர்த்தடுப்பில் காயவைக்கும்போது வெப்பநிலைமேல் கண் இருக்கட்டும்.

சவ்வுக்கு முன்னால் கெடுகிற வேலை

சவ்வைக் குறை சொல்லும் பல சமயங்களில் தவறு ஓடையிலேயே நடந்திருக்கிறது. பொதுவாகப் பயன்படும் 500 மைக்ரான் வலையில் முதல் இரண்டு நிலைப் புழுக்கள் நிற்கவே நிற்காது. முழு வளர்ச்சியையும் தொடர வேண்டுமென்றால் 125 மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த கண் வேண்டும். அது மணலில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி அலசத்தான் வேண்டும்.

நேரமும் முக்கியம். வேட்டையாடும் ஸ்டோன்ஃப்ளைகளில் பல இரவில் தின்பவை. மாலையில் பிடித்தால் பாதிக் குடல்கள் காலி. விடியலை ஒட்டிப் பிடிப்பது நல்லது. மேய்கிற மேஃப்ளைகளுக்குக் குடல் வழியே தீனி ஓடும் வேகம் அதிகம். சிலவற்றில் ஒரு மணி நேரத்துக்குள் குடல் காலியாகிவிடும். வாளியில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் பார்க்க எதுவும் இருக்காது. தவிர, ஒரே வாளியில் இருந்த வேட்டைப்பூச்சி பக்கத்திலிருந்ததைத் தின்றிருக்கும்; அது ஓடையில் தின்ற தீனியாகக் கணக்கில் ஏறிவிடும். பிடித்த சில நிமிடங்களில் பதப்படுத்துங்கள். நேரே எத்தனாலில் போட்டால் சில பூச்சிகள் முன்குடலில் இருப்பதைக் கக்கிவிடும். சோடா நீரில் சில நிமிடம் மயக்கிவிட்டு மாற்றினால் கக்குவது குறைகிறது.

அடுத்தது வளர்நிலை பிரிப்பு. உடல் நீளத்தை நம்பாதீர்கள். பதப்படுத்தியதில் சுருங்கும், வளையும். தலைக்கூட்டின் அகலத்தைக் கண்ணருகு அளவுகோல் பொருத்திய ஸ்டீரியோ நுண்ணோக்கியில் அளக்க வேண்டும். கடினமான தலைக்கூடு ஒவ்வொரு தோலுரிப்பிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பெருகும் என்பது 1890-இல் பூச்சியியலாளர் ஹாரிசன் டையர் வகுத்த விதி. ஹைட்ரோசைக்கியில் அந்த விகிதம் 1.6-ஐ ஒட்டி வரும். முதல் நிலையில் கால் மி.மீ.க்கும் குறைவாக இருக்கும் தலை, ஐந்தாம் நிலையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மி.மீ. ஆகிவிடும். ஐந்து குவியல்கள் தனித்தனியே விழுவதால் கேடிஸில் பிரிப்பது எளிது. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை இரண்டிலும் பத்து, இருபது என்று தோலுரிப்புகள். குவியல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அங்கே நிலை எண்ணைத் தேடி அலையாமல், தலை அகல வகுப்புகளாகப் பிரித்துக்கொள்வதே நேர்மை.

தோலுரித்த உடனே பிடிபட்ட வெளிறிய, மெத்தென்ற பூச்சிகளை ஒதுக்கிவிடுங்கள். முன்குடலின் உள்பூச்சும் தோலோடு சேர்ந்து கழன்று வருவது. உரிப்பதற்கு முன்பே பூச்சி தின்பதை நிறுத்திவிடும். அதேபோல் சிறகுப்பை கருத்துவிட்ட மேஃப்ளை இளம்பூச்சி வெளிவரத் தயாராகிவிட்டது. அதன் குடலில் தீனி இருக்காது. இவற்றையும் சேர்த்துக்கொண்டு, கடைசி நிலையில் தீனி குறைகிறது என்று எழுதுவது பிழை. அது தீனி மாறியதல்ல, நின்றது.

சவ்வில் ஏற்றும் முறை

பூச்சியின் வெளியுடம்பை வடித்த நீரில் இரண்டு முறை அலசுங்கள். கேடிஸின் உடலில் ஒட்டிய டயட்டங்கள் குடலில் இருந்தவையாக வேடம் போடும். மார்புப் பகுதியை நீளவாட்டில் திறந்து முன்குடலை மட்டும் எடுங்கள். நடுக்குடல் வேண்டாம்; அங்கே செரிமானம் தொடங்கிவிட்டதால் மென்மையான இரை முதலில் மறைந்து, தோலும் டயட்டம் ஓடும் மட்டும் மிஞ்சும். முன்குடலை 5 மி.லி. வடித்த நீர் உள்ள குப்பியில் கிழித்துவிட்டு, ஒலியலையால் அதிரவைத்துக் கலக்கும் சோனிகேட்டரில் 30 வினாடி வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் இலைத் துணுக்குகள் உடைந்து உருவற்ற மட்குபோலாகிவிடும். தீனிப் பட்டியலையே மாற்றிவிடுகிற தவறு இது. சோனிகேட்டர் இல்லையென்றால் பிப்பெட்டால் இருபது முறை மெதுவாக இழுத்து விட்டாலும் போதும்.

எத்தனை பூச்சி என்பதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். ஐந்தாம் நிலைக் கேடிஸுக்கு ஒரு சவ்வுக்கு ஒரு குடல். முற்றிய பெர்லிடே ஸ்டோன்ஃப்ளையின் குடலில் இருப்பது முழுவதையும் ஏற்றினால் துகள்மேல் துகள் ஏறி எதுவும் தெரியாது, 10 மி.லி.யாக நீர்த்து 1 அல்லது 2 மி.லி. மட்டும் வடியுங்கள். ஆனால் அதற்கு முன் ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பெரிய இரைத் துண்டுகளை எண்ணி எழுதிவிடுங்கள். இரண்டு கைரோனோமிட் தலைகள் ஒரு மி.லி.யில் வருமா வராதா என்பது அதிர்ஷ்டம். மூன்றாம் நிலைக்கு மூன்று, நான்கு குடல்கள். முதல் இரண்டு நிலைகளுக்கு ஒரே தலை அகலம் கொண்ட பத்துக்குக் குறையாமல் சேர்த்து, 13 மி.மீ. சவ்வில் ஏற்றுங்கள். வடிபரப்பு சுருங்குவதால் துகள் அடர்த்தி கூடும். இதே பத்துக் குடல்களை 25 மி.மீ.யில் ஏற்றினால் ஒரு பார்வைப் புலத்தில் ஒன்றோ இரண்டோ துகள்தான் கிடைக்கும். அளக்கிறவர் பொறுமை இழந்து துகள் உள்ள இடத்தையே தேடிப் போவார். அங்கேதான் சார்பு நுழைகிறது. சேர்த்து ஏற்றுவதில் ஒரு விலையும் உண்டு: பூச்சிக்குப் பூச்சி உள்ள வேறுபாடு அழிந்துவிடும். புள்ளியியலில் அந்தச் சவ்வு ஒரே மாதிரிதான், பத்து அல்ல.

கைப்பம்பால் மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் பெரிய துகள்கள் நடுவில் குவியும். புனலின் உட்சுவரை இரண்டு முறை கழுவி விடுங்கள். ஒவ்வொரு அமர்விலும் வெறும் வடித்த நீரை வடித்த சவ்வு ஒன்று கட்டாயம். அதில் டயட்டம் தெரிந்தால் உங்கள் குப்பியோ புனலோ அழுக்கு.

60 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் காயவையுங்கள். அதிகச் சூட்டில் சவ்வு சுருளும். ஈரம் மிஞ்சினால் எண்ணெய் விட்டபின் பால்போல் வெண்திட்டுகள் நிற்கும். அந்த இடத்தில் எதையும் அளக்க முடியாது. கண்ணாடித் தகட்டில் இரண்டு மூன்று சொட்டு இம்மர்ஷன் ஆயிலை வைத்து, அதன்மேல் சவ்வை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்துப் படுக்க விடுங்கள், துகள் உள்ள பக்கம் மேலே. எண்ணெய் கீழிருந்து ஊறி ஏறட்டும். மேலிருந்து ஊற்றினால் துகள்கள் மிதந்து ஓரம் சேரும். கால் மணி முதல் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும். பிறகு மேலே ஒரு சொட்டு, அதன்மேல் கவர் ஸ்லிப் எனும் மெல்லிய மூடுகண்ணாடி.

எண்ணும்போது ஏமாற்றுபவை

100 மடங்கில் இலைத் திசுவையும் பிராணித் துண்டுகளையும், 400 மடங்கில் டயட்டத்தையும் பூஞ்சை இழையையும் பாருங்கள். நடுப்பகுதியை மட்டும் பார்க்காமல், ஒரு விளிம்பிலிருந்து மையம் வழியே மறு விளிம்பு வரை ஒரு கோட்டில் நகருங்கள். எண்ணிக்கையை அல்ல, பரப்பை அளக்க வேண்டும். ஒரு மேஃப்ளைக் காலும் ஒரு டயட்டமும் எண்ணிக்கையில் சமம். பரப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒரு சவ்வுக்கு ஐம்பது துகளுக்குக் குறையக் கூடாது, நூறு என்றால் நிம்மதி.

முற்றிய ஸ்டோன்ஃப்ளையின் சவ்வில் டயட்டம் நிறையத் தெரிந்தால் உடனே 'பாசியும் தின்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். அது விழுங்கிய பீட்டிஸ் மேஃப்ளையின் குடல் டயட்டத்தால் நிரம்பியிருந்திருக்கும். மேஃப்ளை நகமும் டயட்டக் கொத்தும் ஒரே சவ்வில் சேர்ந்து வந்தால் இந்தச் சந்தேகம் வலுவானது. இளநிலை ஸ்டோன்ஃப்ளையில் பிராணித் துண்டு ஒன்றுகூட இல்லாமல் டயட்டம் மட்டும் இருந்தால், அது மேய்ந்ததுதான். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடிப்பதற்காகவே நிலைவாரியாகச் சவ்வு தயாரிக்கலாம்.

மென்னுடல் இரை குறைவாகத் தெரியும். நீர்ப்புழு தின்றிருந்தால் மிஞ்சுவது அதன் முட்கள் மட்டுமே. எண்ணெயில் தெளிந்த சவ்வில் அவற்றைத் தவறவிடுவது மிக எளிது. கைரோனோமிட் தலைக்கூடு கடினமானது, நீண்ட நேரம் நிற்கும், ஆகவே மிகைப்படும். உரித்த தோலைத் தின்னும் பழக்கமும் சிலவற்றுக்கு உண்டு. சதை எதுவும் ஒட்டாத வெறுந்தோல் கிடந்தால் அதைத் தன்னினம் தின்றதாகக் கொள்ள வேண்டாம்.

சவ்வு முற்றாகக் கைவிடும் பூச்சிகளும் உண்டு. அதெரிசிடே ஈக்களின் புழுக்கள் இரையைக் குத்தி உறிஞ்சுபவை. மூட்டைப்பூச்சி வகையைச் சேர்ந்த நீர்வாழ் பூச்சிகளும் அப்படியே. ஹைட்ரோப்டிலிடே எனும் நுண்கேடிஸ்கள் பாசி இழையின் செல்லைத் துளைத்து உள்ளிருப்பதை உறிஞ்சுகின்றன. இவற்றுக்குச் சவ்வில் விடை இல்லை. தட்டானின் இளம்பூச்சிக்குக் குடலைக் கிழிக்கவே தேவையில்லை. செரிக்காத மிச்சம் மெல்லிய உறைக்குள் கட்டாக வெளிவரும். பிடித்த பூச்சியைத் தனிக் குப்பியில் ஒரு நாள் வைத்து அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பூச்சியை ஓடையிலேயே விட்டுவிடலாம். வேட்டைக்காரக் கோரிடாலஸ் போன்ற பெரிய புழுக்கள் இரையை முழுதாக விழுங்குபவை. ஸ்டீரியோ நுண்ணோக்கியே போதும், சவ்வு செலவழிக்க வேண்டாம்.

விழுங்கியதும் ஒட்டியதும்

1980-இல் ஓடைச் சூழலியலாளர்கள் ஆர்தர் பெங்கியும் ப்ரூஸ் வாலஸும் வலை பின்னும் கேடிஸ்களுக்குப் போட்ட கணக்கு இன்றும் இந்தச் சவ்வின் சரியான துணை. அவர்கள் வழியில் வந்த ஆய்வுகளில் உருவற்ற மட்குக்கு 10%, டயட்டத்துக்கு 30%, பிராணிக்கு 70% செரிசேர்திறன் (விழுங்கியதில் செரித்து உடம்பில் சேரும் பங்கு) என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஓர் எடுத்துக்காட்டு: ஐந்தாம் நிலைச் சவ்வில் பரப்பளவில் மட்கு 60, டயட்டம் 20, பிராணி 20 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 6, 6, 14; மொத்தம் 26. விழுங்கியதில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த பிராணி, உடம்பில் சேர்ந்ததில் 54% ஆகிவிட்டது. முதல் நிலைச் சவ்வில் மட்கு 85, டயட்டம் 15 என்றால் 8.5, 4.5, மட்கின் பங்கு 65%. சவ்வை மட்டும் பார்த்தவர் இரண்டு நிலைகளிலும் 'மட்கு உண்ணி' என்று எழுதியிருப்பார். கணக்குப் போட்டவருக்கு அந்தப் புழு நடுவில் எங்கோ வேட்டைக்கு மாறியது தெரிகிறது.

பூச்சியின் திசுவில் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு) அளந்து தரும் ஆய்வகச் சேவையைச் சிலர் சவ்வுக்கு மாற்றாகக் கேட்கிறார்கள். மாற்று அல்ல, சாட்சி. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் நைட்ரஜன்-15 சராசரியாக 3.4 பெர்மில் (ஆயிரத்தில் 3.4 பங்கு) கூடும் என்பதால், எந்த வளர்நிலையில் வேட்டை தொடங்குகிறது என்பதை அது உறுதிசெய்யும். எந்த இரை என்று சொல்லாது. ஒரு மாதிரிக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் உலர்ந்த திசு தேவை. முதல் நிலைப் புழுக்களை நூறளவில் சேர்க்க வேண்டியிருக்கும். அனுப்பும் முன் குடலைக் காலியாக்க வேண்டும். வேட்டைப்பூச்சிகளை அப்போது தனித்தனிக் குப்பியில் வையுங்கள். திசு பழைய தீனியின் நினைவைச் சுமப்பதால், சவ்வு இன்று காட்டும் மாற்றம் ஐசோடோப்பில் தாமதித்தே தெரியும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இந்தத் தாமதத்தைச் சந்தேகியுங்கள்.

வாங்குவதென்றால் 13 மி.மீ., 25 மி.மீ. இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி, அவற்றுக்குரிய வடிதாங்கிகளோடு. ஒரு திட்டத்துக்குள் பெட்டி மாற்ற நேர்ந்தால் புதிய பெட்டியிலிருந்தும் வெறுஞ்சவ்வு ஒன்றைத் தெளியவைத்துப் பாருங்கள். தெளிவு மாறினால், துகளையும் பின்னணியையும் பிரிக்க மென்பொருளில் வைத்த வரம்பும் மாற வேண்டும். எண்ணெயில் ஏற்றிய சவ்வு நிரந்தரம் அல்ல. நாள்பட எண்ணெய் கசியும், துகள் நகரும். விளிம்பை நகப்பூச்சால் அடைத்தாலும், ஏற்றிய வாரத்துக்குள் எல்லாப் புலங்களையும் அளவுகோலோடு படம் எடுத்து, வளர்நிலை, தலை அகலம், சேர்த்த குடல்களின் எண்ணிக்கை மூன்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.